வெயிலுக்கொரு பை, மழைக்கொரு பை

– கோட்டு வேணாம் நானா. இந்த வெயில்ல கோட்டோட ஒரு தமிழன் வந்தா செக்பொயின்ற்ல என்ன நினைப்பாங்கள்?

– குண்டு கட்டிக்கிட்டு வார எண்டு நெனச்சி அங்கேயே சுட்டுப்போடுவான். மெய்தான். அப்ப மெல்லிசா ஒரு சேட்?

– சேட்டுக்குள்ளால பிஸ்டல் புடைச்சுக்கொண்டு தெரியும். லைசன்ஸ் இருக்கு எண்டு நான் வாயைத் திறக்க முந்தியே வெடி விழும்.

– ஹியூபேட் மொதலாளி, கொட்டாஞ்சேனையில துவக்குக்கு அளவெடுக்கிற ஒரே டெய்லர் இந்த மக்கீன்தான். போர்டுல எழுதிப் போடவா?

– பகிடி விடாதேங்கோ. நாளைக்கு அந்தோனியார் திருநாள். கப்பம் கேட்டு போன் எடுக்கிறவன் சொல்லிப்போட்டான், "சுத்துப்பிரகார ஊர்வலத்தில சந்திப்பம்" எண்டு. போகவேணாம் எண்டு என்ரை மனிசி றோஸி அழுகிறாள். அந்தோனியாற்றை சுருவச் சிலையைத் தூக்கிறதா நேர்த்தி வைச்சிட்டன். கையைத் தூக்கினா சேட்டும் மேல ஏறுது!

– காலையில வெயில் அடிக்கும், பின்னேரம் அசர் தொழுகைக்கு மழை ஊத்தும். ஜூன் மாசம் எப்பவும் இப்பிடித்தானே.

– அதுதான் ஒண்டும் விளங்கேல்ல. கப்பல்காரன் ஒருத்தன் தந்த அமெரிக்கப் புத்தகத்தில போட்டிருக்கு, கோடைக்குச் சின்னத் துவக்காம், குளிருக்குப் பெரிசாம். குளிர்ல எதிராளி தடிச்ச கோட்டுப் போட்டிருப்பானாம், அதைத் துளைக்க வேற சன்னமாம்.

– கொட்டாஞ்சேனையில தடிச்ச கோட்டுப் போட்டுக்கிட்டுத் திரியிற ஆள் ஆரு மொதலாளி?

– ...நான்தான்.

– அப்ப அந்தச் சன்னம் ஒங்களுக்குத்தான் செட் ஆகும்.

– உங்கட வாய்! சன்னம் குடுத்த ஒபிசரைக் கேட்டன். ஒரு சாதிதான் இருக்கு, அது மழை வெயில் பாக்காது எண்டார். ஆனா வேர்வை பட்டுப் பச்சை பிடிக்குதே! றோஸி எடுத்து அப்பளத் தகரத்துக்குள்ள போட்டு வைக்கிறாள்.

– மறந்துபோய்ப் பொரிச்சிடாம பாத்துக்கோங்க.

– எனக்கு விளங்காதது இன்னொண்டு. நேற்று போன்ல கேக்கிறான், "கோட்டு புழுங்கேல்லையோ, ஹியூபேட்?" எண்டு. நான் கோட்டுப் போட்டது கோயிலுக்கு மட்டும்தான். அங்க எல்லாம் நம்மட ஆக்கள். நாளைக்குச் சுருவத்தில என்ரை பக்கத்தில நிக்கிறவங்களும் சின்ன வயசில இருந்து தெரிஞ்சவங்கள். அந்த ஒரு இடத்திலதான் எனக்குப் பயமில்ல.

– நீங்க படுற பாட்டப் பாத்து நேத்தே ஒரு கழிசான் தச்சி வெச்சீக்கிறேன். வலது இடுப்புக்குள்ள பை. உள்ளுக்கு மெழுகுசீலை, மழையும் போகாது, வேர்வையும் போகாது. சேட்டுக்கும் கக்கத்துல துணி உட்டீக்கிது. போட்டுட்டுக் கையத் தூக்குங்க பாப்பம்... தெரியுதா?

– தெரியேல்ல! மாதாவே, ஒண்டுமே தெரியேல்ல! நானா, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?

– என்ன மொதலாளி, தச்சி முடிச்ச உடுப்பக் கடை வாசல்ல தொங்கவிடுறது எங்கட வழக்கம்தானே? அதப் பாத்துத்தானே அடுத்த ஆள் ஓடர் தருவார். காலையில ஒருத்தர் வந்தார். கழுத்துல சிலுவை போட்டவர், நல்ல சிரிச்ச மொகம். பையத் தடவிப் பாத்து "ஆருட?" எண்டு கேட்டார். பெருமையா ஒங்கட பேரச் சொன்னேன்.

– சொன்னீங்களோ! பிறகு?

– "எனக்கும் இதே மாதிரி ஒண்டு வேணும், இடது பக்கம் வைங்க" எண்டார். "நாளைக்குச் சுருவம் தூக்கக்குள்ள ஹியூபேட்ட வலது பக்கம் நிக்கிறது நான்தான்" எண்டு, இப்ப நீங்க வர முந்தித்தான் வாங்கிட்டுப் போனார்.