பம்பருக்கு ஆறு தவணை

'டொம்!'

மின்சார ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் மெல்லச் சுற்றி ஓய்ந்தன. வண்டலூரைத் தாண்டியாகிவிட்டது. ஊரப்பாக்கம் இன்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் இருட்டு. மணி ஒன்பது நாற்பது.

கடைசிப் பெட்டியில் நாலே பேர். தினமும் இதே வண்டியில் வருகிறவர்கள். நர்ஸ் பியூலா, ரேடியோ கடைக் கங்காதரன், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் முனியம்மா, ஆடிட் ஆபீஸ் பத்ரிநாராயணன். நாலு பேரும் ஒரே ஜன்னல் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"இன்னா சாமி, ஏதாச்சும் பேசுங்க. பேஜாரா கீது" என்றாள் முனியம்மா.

"பேய்க் கதை சொல்லட்டுமா? என் ஃப்ரெண்டோட அக்கா புருஷனுக்கு நடந்தது. அஞ்சு வருஷம் ஆச்சு" என்றார் பத்ரிநாராயணன்.

"ஐயோ, நான் ஸ்டேஷன்லேர்ந்து தனியா நடக்கணும் சார்" என்றாள் பியூலா. ஆனாலும் இன்னும் கிட்டே நகர்ந்து வந்தாள்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்.

எண்பத்து நாலு, டிசம்பர். ஒரு புதன்கிழமை. சாயங்காலம் ஏழு மணி. அனகாபுத்தூரிலிருந்து பம்மல் வரும் சாலை. வீடுகள் முடிந்து, வெறும் புதரும் குட்டையும்தான். மழை பெய்து விட்டிருந்தது. மனித நடமாட்டமே இல்லை...

அந்த அக்கா புருஷன் பெயர் மாணிக்கவேல். பெயிண்ட் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். குரோம்பேட்டையில் வீடு. பழைய ஃபியட் கார். பேட்டரி வீக். ஹெட்லைட் போட்டால் வண்டி நின்றுவிடும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று பத்து நாளாகத் தள்ளிப் போட்டிருந்தார். கொஞ்ச தூரம்தானே... லைட் போடாமலே ஓட்டினார்.

'டணார்!'

இறங்கிப் பார்த்தால், காருக்கு முன்னால் ஒரு சைக்கிள். முன்சக்கரம் கோணிப் போயிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தபடியே சிதறிய நூல் மூட்டையைச் சேர்த்துக்கொண்டிருந்தான். நூலிலிருந்து புளித்த கஞ்சி வாடை. நெசவுக்காரன். நாற்பது வயது இருக்கும். ஒரு கையால் நூலை அள்ளினான். இன்னொரு கை விலாவை அழுத்திப் பிடித்திருந்தது.

மாணிக்கவேல் முதலில் பார்த்தது பம்பரை. நடுவில் உள்ளே மடங்கியிருந்தது. தப்பு யார் மேல் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முந்திக்கொண்டு கத்தினார்.

"கண்ணு தெரியலையாடா? பம்பர் போச்சு! யார் குடுப்பா? உங்கப்பனா?"

"தப்பு ஆயிடுச்சு சார்" என்றான் அவன். பிறகு தயங்கினான். "சார்... உங்க வண்டில லைட்டு எரியல..."

"என்னடா சொன்ன?"

"ஒண்ணும் இல்ல சார். நானே குட்த்துடறேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூலி வரும். அம்பது அம்பதா கட்டிடறேன்."

"பேரு என்ன?"

"தனக்கோடி சார்."

குரோம்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் தாவீது டிங்கர் கடை, அங்கே போய்க் கட்டு என்றார். நம்பிக்கை போதவில்லை. வாட்ச்சைக் கழற்றச் சொன்னார். அவன் கழற்றிக் கொடுத்தான். விலாவிலிருந்து கையை எடுக்கவே கஷ்டப்பட்டான். மாணிக்கவேல் அதைப் பார்த்தார். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். கார் பின்சீட் காலி...

ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார்.

அவன் அனகாபுத்தூர்ப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கோணிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் மட்கார்டில் உரசியது. சர்ரக்... சர்ரக்... சர்ரக்...

"இதுல பேய் எங்க சாமி?" என்றாள் முனியம்மா. "அந்த மேனேஜர்தான் பேயாட்டம் கீறாரு."

"இரு முனியம்மா" என்றான் கங்காதரன். "சொல்லட்டும்."

மறுநாள் காலையில் மாணிக்கவேல் செய்த முதல் காரியம், பேட்டரியை மாற்றியது. அதுவும் தெரிந்த கடையில் இல்லை. தாம்பரம் போய், முன்பின் தெரியாத கடையில். அப்புறம்தான் வண்டியைத் தாவீதிடம் விட்டார். பம்பரை அடித்து நிமிர்த்தி, குரோம் பூசி, முகம் பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடுத்தான் தாவீது. முந்நூறு ரூபாய். "நெசவுக்காரன் ஒருத்தன் வருவான், ஆறு வாரத்துல வாங்கிக்கோ. நான் பொறுப்பு" என்றார்.

வெள்ளிக்கிழமை அம்பது வந்தது. அடுத்த வெள்ளி அம்பது. அதற்கடுத்த வெள்ளியும்.

"இந்தக் காலத்துல இப்டி ஒரு ஆளா சார்! விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாண்ணு வராரு" என்றான் தாவீது. "ஆனா நோட்டுதான் ஒரு மாதிரி. கஞ்சி போட்ட வேட்டியாட்டம் வெறப்பா கீது."

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, பம்மலில் ஒரு டீக்கடை. மாணிக்கவேல் டீயை வாயில் வைத்தார். கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம தறிக்காரன் தனக்கோடிபா. மதகாண்ட உக்காந்தவன் உக்காந்தபடியே பூட்டான். வூடு அரை மைலுகூட இல்ல. காத்தாலதான் பாத்தாங்க. வாய்ல ரத்தம். மடியில நூல் மூட்டை. இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த சொல்லல பாவி."

"எப்போ?" மாணிக்கவேல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மூணு வாரம் ஆச்சு சார். புதன்கிழமை ராத்திரி."

காரில் வந்து உட்கார்ந்தார். டேஷ்போர்டுக்குள் ஏதோ சத்தம். டிக் டிக் டிக்... திறந்தார். அந்த வாட்ச். சாவி கொடுக்கிற வாட்ச். மூன்று வாரமாக யாரும் சாவி கொடுக்கவில்லை. நேரம் சரியாகக் காட்டியது.

ரயில் பெட்டியில் பியூலா ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.

நாலாவது வெள்ளி. தம்பியோ பங்காளியோ வந்து கட்டுகிறானாக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மாணிக்கவேல் டிங்கர் கடைக்குப் போனார். வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஆறு மணி. ஆறரை. ஸ்டேஷன் ரோட்டில் விளக்குகள் எரிந்தன. ஆபீஸ் கூட்டம் போனது. சிகரெட் பற்ற வைக்கக் குனிந்தார்...

சர்ரக்... சர்ரக்...

புளித்த கஞ்சி வாடை.

நிமிர்ந்தார். எதிரே யாரும் இல்லை. தாவீது கையில் ஓர் அம்பது ரூபாய் நோட்டை வைத்து மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அது மடங்கவில்லை.

"யாரு... யாரு குடுத்தா?"

"அவருதான் சார். இப்பதானே போறாரு. உங்களப் பாத்து கும்பிட்டாரே... நீங்கதான் பாக்கல."

மீதி நூறு ரூபாயை எடுத்து நீட்டினார் மாணிக்கவேல். "இனிமே அவர்கிட்ட வாங்காத தாவீது. கணக்கை முடிச்சுடு."

"கேட்டுப் பாத்தேன் சார், போன வாரமே. சார் பெரிய மனசு பண்ணி விட்டாலும் விடுவாரு, பாதி கட்டினது போதும்னேன். ஒத்துக்கல. வாட்ச்சு சார்கிட்ட கீது, முழுசா கட்டினாதான் மரியாதைன்னுட்டாரு."

அதன்பிறகு மாணிக்கவேல் கார் எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினார். லைட் எரியாதது யாருக்குத் தெரியும்? ரோட்டில் அன்றைக்கு இருந்தது இரண்டே பேர். ஒருவன் செத்துவிட்டான். இன்னொருவர் வாயைத் திறக்காவிட்டால் போதும்... அந்த எண்ணம் வந்தபோது அவருக்கே தன்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் திரும்பிவிட்டார்.

ஐந்தாவது வெள்ளி போனது. ஆறாவதும் போனது. சனிக்கிழமை காலையில் தாவீது பில்லை அனுப்பி வைத்தான். 'பணம் முழுவதும் வந்தது.'

அன்றைக்கே வாட்ச்சையும் ஒரு கவரில் ஐந்நூறு ரூபாயையும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து அனகாபுத்தூர் போனார். பட்டப்பகல். சந்துக்குள் தறிச் சத்தம். தனக்கோடியின் வீட்டு வாசலில் அந்த சைக்கிள் சாய்ந்து நின்றது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே சிலந்தி வலை. எடுத்து ஒன்றரை மாசம் ஆகியிருக்கும்.

தறியை நிறுத்திவிட்டு அவன் மனைவி அங்காளம்மா வெளியே வந்தாள். பஸ்ஸில் பத்து தடவை சொல்லிப் பார்த்த பொய்யை மாணிக்கவேல் ஒப்பித்தார்.

"உங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரிஞ்சவர்மா... வாட்ச் ரிப்பேர்னு என்கிட்ட குடுத்திருந்தார். கேள்விப்பட்டேன்... இது ஏதோ, என்னால முடிஞ்சது."

அவள் கவரைத் தொடவில்லை. வாட்ச்சை மட்டும் வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். ஆச்சரியப்படவே இல்லை. அவர் நெற்றி வியர்வையைப் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க சார்... உங்க வண்டில லைட்டு எரியலன்னு அவரு வேற யாராண்டயும் சொல்லல. என்னாண்ட மட்டும்தான் சொன்னாரு... நேத்து."