பசிக்காத பிள்ளை

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் சுஐபு அழமாட்டான், டீச்சர். தேவிபட்டினத்தில் ஏறி ராமநாதபுரத்தில் உங்கள் தெரபி சென்டருக்கு வந்து சேரும்வரை காற்று வாங்கிக்கொண்டு சமர்த்தாக வருவான். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் நல்ல பிள்ளை. அதனால் கிளம்பும்போது மூக்குக் குழாயில் பால் ஊற்றிவிடுவேன்.

ஊற்றக்கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து, குடித்த பால் நுரையீரலுக்குள் போய், நாலு வயது வரை குழாயிலேயே வளர்ந்தவன். நீங்கள்தான் அவன் தொண்டையில் விரல் வைத்து, விழுங்கும் சத்தத்தைக் கேட்டு, "விழுங்குற தெம்பு வந்துருச்சு நூர் நிஷா. பசியோட கூட்டிட்டு வாங்க, வாய் தானாத் தொறக்கும்" என்றீர்கள். அன்று கெட்டியான கேழ்வரகுக் கூழை ஸ்பூனில் கொடுத்தீர்கள். விழுங்கிவிட்டு இன்னொரு வாய்க்கு 'ஆ' என்றான்.

அதைப் பார்த்து மச்சான் அழுதுவிட்டார். என் வீட்டுக்காரர் சஃபீரைச் சொல்கிறேன். பிள்ளைக்காகத்தான் சவூதியில் தம்மாம் வேலையை உதறிவிட்டு வந்து ஊரில் செல்போன் கடை போட்டிருந்தார். கல்யாணமான பிறகு அவரோடு குடித்தனம் என்று ஒன்று நடத்தியது அப்போதுதான். அதற்கு முன்னெல்லாம் அவர் லீவுக்கு வரும் விருந்தாளி. அன்று திரும்பும்போது பஸ்ஸிலேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டார். "பய சாப்புட ஆரம்பிச்சுட்டான், அல்ஹம்துலில்லாஹ். இனி நான் கெளம்பிருவேன்" என்றார்.

பிள்ளைக்கு அத்தா வேண்டாமா? நான் யோசித்தது அவ்வளவுதான்.

முதலில் கிளம்பும்போது குழாயில் பால் ஊற்றியது மட்டும்தான். வயிறு நிறைந்திருந்தும் உங்கள் ஸ்பூனைக் கண்டால் வாயைத் திறந்தான். உங்கள் கைராசி அப்படி. பிறகு வீட்டில் பழக்கும்போது, அதே மாதிரி ஸ்பூனில் பச்சை மிளகாயைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். நிறைய இல்லை. அழுதால் உடனே தூக்கிக்கொள்வேன், ஈரத்துணியால் நாக்கைத் துடைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் ஸ்பூனைப் பார்த்தாலே குமட்ட ஆரம்பித்தான். நீங்கள் கூழை மாற்றினீர்கள், நாற்காலியை மாற்றினீர்கள், ஸ்பூனையும் மாற்றிப் பார்த்தீர்கள். "உங்கள மாதிரிப் பொறுமையான அம்மாவ நான் பாத்ததில்ல" என்று ஒருநாள் சொன்னீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மச்சான் அப்படியும் போய்விட்டார். "இவன் இனி தேறமாட்டான் நிஷா. இங்கன உக்காந்து இவன் மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியல" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். இப்போது சுஐபு ஒரு சொட்டுத் தண்ணீருக்குக்கூட வாயைத் திறப்பதில்லை. யார் கை முகத்தருகே வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொள்கிறான். இனிப் பழக்குவது கஷ்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெற்றவள்தானே, எனக்கும் மனது வலிக்கத்தான் செய்கிறது.

இன்று என் பையிலிருந்த ஸ்பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, மிளகாயா என்று கேட்டீர்கள். ஆமாம் டீச்சர், காலையிலும் தேய்த்தேன். அவர்தான் போய்விட்டாரே, இன்னும் எதற்கு என்று கேட்கிறீர்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று தெரிந்துவிட்டால், அவர் எதற்காகத் திரும்பி வருவார்?