முதல் வரிசை மூலைக் குவளை

எலிக்குச் சுவரை ஒட்டி ஓடுவதுதான் பிடிக்கும். நடு அறையில் விருந்தே வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. தன் இஷ்டத்துக்குத்தான் ஓடுகிறது. எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். பூச்சி, எலி ஒழிப்பவனுக்கு இது அரிச்சுவடி.

அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று நாற்காலியைக் காட்டினீர்கள். அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் சபை சின்னது. ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, முதல் மாடி. புதன்கிழமை சாயங்காலம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வேதபாடம் நடக்கும். போதகரின் கட்சி, முன்குறித்தல். யார் கரையேறுவார், யார் மூழ்குவார் என்று உலகம் உண்டாகுமுன்பே ஆண்டவர் தீர்மானித்துவிட்டார், நம் கையில் ஒன்றுமில்லை. என் மச்சானின் கட்சி, சுயசித்தம். அவனவன் முடிவு அவனவன் கையில். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்பதால் சபையில் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

இருவரும் மோதினால் டிக்கெட் போட்டு விற்கலாம்.

"ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தானே ஒரு சீஷன், அவன் அப்படிச் செய்வான்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?" என்பார் போதகர்.

"தெரியும் ஐயா. தெரிஞ்சிருக்கிறது வேற, செய்ய வைக்கிறது வேற. இந்தப் பையன் திருப்பத்துல கிளட்சை விட்டுடுவான்னு வண்டியில ஏறும்போதே எனக்குத் தெரியும். அதுக்காக நானா விட்டேன்?"

"உன் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குல்ல? அதை மிதிச்சிட்டா அவன் சுயசித்தம் எங்க போச்சு?"

"மிதிக்காம விட்டா நாங்க ரெண்டு பேரும் எங்க போவோம்?"

நான் போதகர் கட்சி. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் காய்ச்சலில் போனாள். ஏழு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி காலையில் ஒருமுறை கேட்டாள், மத்தியானம் போனில் ஒருமுறை கேட்டாள். அன்று எனக்கு ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் வேலை. நல்லபடியாக முடிந்தால் வருடம் முழுக்க அவர்கள் காண்ட்ராக்ட். சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். வருவதற்குள் நேரமாகிவிட்டது.

அடக்கத்தில் போதகர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய நாட்கள் முன்பே குறிக்கப்பட்டவை, நீ ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றார். அந்த வாக்கியத்தை வைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மனைவி அதற்கு ஆமென் சொல்லவில்லை. அதன்பிறகு வீட்டில் அவள் பேச்சு, "உப்பு போதுமா", "கதவைச் சாத்துங்க" என்ற அளவோடு நின்றுவிட்டது. நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குத் துக்கம் அப்படி.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் திராட்சரசம் ஊற்றி, தட்டில் அடுக்கி, வரிசை வரிசையாகக் கொண்டுபோவது என் ஊழியம். இவனைப்போல் கை கழுவுகிறவன் சபையிலேயே கிடையாது என்று போதகர்தான் எனக்கு அதைக் கொடுத்தார். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. குவளையை எடுத்தவுடன் குடிப்பதில்லை. எல்லோருக்கும் வந்து சேரும்வரை கையிலேயே வைத்திருந்து, ஒரு பாட்டு பாடி முடித்து, போதகர் சொன்னதும் ஒன்றாகக் குடிப்போம்.

முதல் வரிசையில் முதல் நாற்காலி வக்கீலுடையது. தட்டை முதலில் அவனிடம்தான் நீட்டுவேன். அவன் ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்து மூலைக் குவளையைத்தான் எடுப்பான்.

போன புதன்கிழமை இதை நான் வட்டத்தில் போட்டு உடைத்தேன்.

"வக்கீலே, சுயசித்தம் சுயசித்தம்னு தொண்டை கிழியப் பேசறியே, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது வேற குவளை எடுத்திருக்கியா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மச்சானும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"அது பழக்கம், அத்தான். கை அது பாட்டுக்குச் செய்யறது. ஆனா அக்கா ரெண்டு தடவை கேட்டப்போ, நீங்க யோசிச்சுத்தானே சாயங்காலம்னு சொன்னீங்க? அதைக் கொண்டுபோய் ஆண்டவர் தலையில கட்டாதீங்க."

மனைவி அவனை அடக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும். இந்தக் கேள்விக்கு ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் குவளைகளை நிரப்பியபின், அந்த ஒரு குவளையில் மட்டும் என் தொழில் பெட்டியிலிருந்து கொஞ்சம் சேர்த்தேன். எது, எவ்வளவு என்பதை உங்கள் ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது. யாரையும் எடு என்று நான் சொல்லவில்லை. தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. அது அவன் வாதம், அவனிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவன் நாள் முடிந்திருந்தால் எடுப்பான். முடியாவிட்டால் ஆண்டவர் அவன் கையைத் திருப்பிவிடுவார். தட்டை நீட்டுவது மட்டும்தான் என் பங்கு.

நீட்டினேன். கை வழக்கம்போல மூலைக்கு வந்தது, நின்றது. நிமிர்ந்து பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். "பாத்துக்குங்க அத்தான், சுயசித்தம்" என்று முணுமுணுத்துவிட்டு, நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டான்.

வாதத்தில் அவன் ஜெயித்துவிட்டான். நான் மறைக்கிற ஆள் இல்லை.

அடுத்த நாற்காலி என் மனைவியுடையது. ஓர் அடி நகர்ந்தேன். தட்டின் அதே மூலை இப்போது அவள் பக்கம் இருந்தது. தட்டைக் கொஞ்சம் திருப்பியிருக்கலாம். ஆனால் அது தலையிடுவதாகிவிடும். அவளுக்கு இந்தக் கட்சி, அந்தக் கட்சி எதுவும் கிடையாது. கைக்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

வழக்கமான குவளையை அன்றைக்குப் பார்த்துத் தவிர்த்தவன் என்று மச்சானைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். "நான் மாத்தி எடுத்தேன், அக்கா போயிட்டா, என் தப்புதான்" என்று அவன் உள்ளே அழுகிறானாம். அவனை விட்டுவிடுங்கள். அதில் யார் தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் நானே நடந்து வந்தேன்.

ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். அவள் எதை எடுத்தாள் என்று கவனிக்கவில்லை என முதல் விசாரணையில் சொல்லியிருந்தேன். கவனித்தேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு அவளுக்கு நேர் எதிரேதான் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. நான்கு சரணம். குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அது என் சித்தமாகிவிடும். அந்தக் குவளையைத் தட்டிவிட ஆண்டவர் நினைத்தால், அவளுக்கு ஒரு தும்மல் வரவைத்தால் போதும். நான்கு சரணத்தையும் அவசரப்படாமல், பிசகாமல் பாடி அவருக்கு அவகாசம் கொடுத்தேன். அவர்தான் நேரத்துக்கு வரவில்லை.