கேட்டுப் பார்த்துவிட்டு நின்றுபோன பெட்டிகள்

"காலையில எந்திரிச்சா அதுங்களுக்கே அதுங்க யாருன்னு தெரியாதுங்க டீச்சர்."

செண்பகனூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். பக்கத்தில் இருந்தவர் பள்ளிக்கூடத்து லேப் டீச்சர்.

"உங்க லேப்ல இருக்குற அந்தச் சின்னப் பெட்டியில ஹார்ட் டிஸ்க்கே கெடையாது. ஆன் பண்ணதும் ஆபீஸ் ரூம்ல இருக்குற பெரிய கம்ப்யூட்டர், அந்த சர்வர்கிட்ட, நான் யாருன்னு அட்ரஸ் கேக்கும். சர்வர் எந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். பதில் வரலைன்னா எர்ரர் காட்டிட்டு நின்னுரும்."

"இவ்வளவு நாள் நல்லாத்தான ஓடுச்சு?"

"இவ்வளவு நாள் சர்வரை யாரும் அணைக்கலைங்க. அன்னைக்கு இடிக்குப் பயந்து எல்லா பிளக்கையும் பிடுங்கியிருக்காங்க. பிடுங்குனது நல்லதுதான். திரும்பப் போடுறப்ப முதல்ல சர்வர், அது எந்திரிச்சப்புறம்தான் பெட்டிங்க."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"பிடுங்குனது பள்ளிக்கூடம் கூட்டுற அக்கா. போன மழையில பேத்துப்பாறையில அவங்க வீட்டு டிவி எரிஞ்சுபோச்சு, அந்தப் பயம். ஒயரை இழுத்துக் கெடுத்துட்டீங்கன்னு பிள்ளைங்க முன்னாடியே வஞ்சுட்டேன். ரெண்டு நாளா வேலைக்கு வரலை. ரெண்டு நாளும் மெயின் சுவிட்சை அணைச்சு அணைச்சுப் போட்டது நான்தான். சர்வர், பெட்டி எல்லாத்தையும் ஒண்ணா."

கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்த அக்காவின் நம்பரை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலை" என்று போனைப் பைக்குள் வைக்கப் போனார்.

"திரும்பப் போன் போடுங்க டீச்சர். ஒருதடவை கேட்டுட்டு நின்னுர்றதுக்கு நீங்க என்ன அந்தப் பெட்டியா?"