ஐஸ் கட்டி போட்டுக் காய்ச்சிய பால்

கரையான்சாவடியில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு தோழிகளில் ஒருத்தி சொன்னாள்: "புது ஊட்ல ஐஸ் கட்டி போட்டுத்தான்டி பால் காய்ச்சினோம்."

"இன்னாடி சொல்ற?"

"பாப்பாவுக்கு மாட்டுப்பால் ஒத்துக்காதுல்ல? எல்லாரும் குடிச்சிகினு இருக்க, அவ மட்டும் வேடிக்கை பாக்கணுமா? அவளுக்குன்னு ஃப்ரீசர்ல வச்சிருந்த சோயா பால் கட்டிங்கள எடுத்து பானையில கொட்டிட்டேன்."

"உன் மாமியா சும்மாவா உட்டுச்சு?"

"உருகினப்போ திரிஞ்ச பாலாட்டம் இருந்துச்சா, 'இது பொங்கலன்னா உள்ள காலே வெக்கமாட்டேன்'னு வாசல்லயே நின்னுகிச்சு."

"அப்புறம்?"

"பொங்குச்சு பாரு, அடுப்பே அணைஞ்சுபோச்சு! மொத டம்ளர் பாப்பாவுக்குத்தான்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் விசிலை மறந்தார்.

"இப்போ எங்க நூம்பல்ல யாரு புது ஊடு போனாலும், ராசின்னு எம் மாமியாவே நாலு கட்டி தூக்கிகினு ஓடுது. பாப்பாவுக்குத்தான் மிஞ்சமாட்டேங்குது!"