குலவை போடாத வாய்

இந்தப் படத்திறப்புக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் தெருவுக்கு முதன்முதலாகச் சங்கக் கொடியைச் சுமந்து வந்த அய்யாவு அண்ணன் அவர்களே! நாற்காலியில் வீற்றிருக்கும் நல்லவர்களே! நாளைக் காலையில் ஆள் எடுக்கப்போகும் புது அரிசி ஆலையின் மேனேஜர் ஐயா அவர்களே! மண்ணில் உட்கார்ந்திருக்கும் என் மாண்புமிகு மக்களே! அக்கம்பக்கத்து ஊர்களில் நாற்று நட்ட சேறு காலில் காய்வதற்குள் ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! மைக்செட்டுக் கட்டிவிட்டு மரத்தடியில் நிற்கும் அப்துல் ஹமீது அண்ணன் அவர்களே! உங்கள் எல்லாருக்கும் காளியம்மாளின் கைகூப்பு.

என்ன சிரிப்பு அங்கே? ரெண்டாங் கிளாசோடு நின்றவளுக்கு இம்புட்டுத் தமிழா என்றா? பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை ஐயா இது. இதே கீழ்வேளூர் கடைத்தெருவில் புழுதியில் உட்கார்ந்து, இருபது வருசமாக மேடைப்பேச்சு கேட்டவள் நான். அடுக்கி அடுக்கிப் பேசினீர்கள், கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பேச்சு ஒட்டிக்கொண்டது. பேசியதில் வேறு எதுவும் எங்கள் பக்கம் வந்து ஒட்டவில்லை.

இந்தப் படத்தில் இருப்பவர் என் வீட்டுக்காரர் உத்திராபதி. இன்றைக்கு முப்பதாம் நாள். அவருக்குப் போட்டோ கிடையாது. நாங்கள் சொல்லச் சொல்ல வாத்தியார் வரைந்து கொடுத்தார். கண் அவருடையதுதான். மூக்கு யாருடைய மூக்கோ! அவரே இதைப் பார்த்திருந்தால், "யாருடி இவன், என் துண்டை வாங்கிட்டுப் போயி திருப்பித் தராதவன் மாதிரி இருக்கான்" என்று கேட்டிருப்பார்.

அவர் எப்படிச் செத்தார்? மூட்டையோடு விழுந்து செத்தார் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. எழுதியவர் படித்தவர். நான் படிக்காதவள், நான் சொல்கிறேன். அவர் ஒரு கேள்வி விழுந்து செத்தார். ஒரே ஒரு கேள்வி. "ஏன் நிறுத்தினாங்க?" எழுபத்தைந்து கிலோ மூட்டையை விடக் கனமான கேள்வி அது. வேலை கேட்டுப் போகிறவன் தலையில் மட்டும்தான் அது விழும்.

"சத்தமா பேசுக்கா" என்கிறாயா? பேசுகிறேன் தம்பி. இத்தனை நாள் சத்தமில்லாமல் இருந்ததுதானே கதையே!

நடவு அன்றைக்குப் பண்ணை ஐயா குடையோடு வரப்பில் வருவார். முதல் நாற்று முடியைச் சேற்றில் ஊன்றி, நாங்கள் குலவை போட வேண்டும். இருபத்திரண்டு பெண்கள். முதல் குரல் என்னுடையது. நான் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். பதினாறு வருசம் எடுத்தேன். மழையிலும் எடுத்தேன், காய்ச்சலிலும் எடுத்தேன், என் வயிற்றில் பிள்ளை கலைந்த மூன்றாம் நாளும் எடுத்தேன்.

போன புரட்டாசியில், நடவுக்கு முதல்நாள், சுந்தரியின் குடிசையைப் பண்ணை ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். அவள் புருசன் சங்கத்தில் சேர்ந்தானாம். அதுதான் குற்றம். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று பட்டணத்தில் சட்டம் போட்டாயிற்று. போட்டதற்கு மாலை, போட்டதற்கு மேளம், போட்டதற்கு மேடை! சட்டம் பட்டணத்தில் இருந்தது. சுந்தரியின் அடுப்பு மழையில் இருந்தது.

மறுநாள் சுந்தரி எனக்குப் பக்கத்தில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் குடை வந்தது. பண்ணைக் காரியக்காரர் இராஜாங்கம் என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் சுந்தரியைப் பார்த்தேன். அவள் சேற்றைப் பார்த்தாள். என் வாய் திறக்கவில்லை. நான் திறக்காததால் இருபத்திரண்டு வாயும் திறக்கவில்லை. வயல் முழுக்கத் தவளைச் சத்தம் மட்டும். குடை கொஞ்ச நேரம் நின்றது, திரும்பிப் போயிற்று.

சாயங்காலம் இராஜாங்கம் தெருவுக்கு வந்தார். "நாளையிலேருந்து ஒருத்தரும் வரவேணாம். ஆம்பளைகளும்தான்" என்றார்.

"என்னங்க தப்பு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உன் பொண்டாட்டிக்கு வாய்க் கொழுப்பு."

"வாயே தொறக்கலியேங்க அவ!"

"அந்தக் கொழுப்புதான்யா."

சிரியுங்கள், நானும் அன்றைக்குச் சிரித்தேன். மறுநாள் காலையில் வெளியூர் ஆட்களோடு லாரி வந்து நின்றபோது சிரிப்பு நின்றது.

ஏர் பிடித்த கை, மடை பார்த்த கண், முப்பது வருசம் அந்தப் பண்ணையிலேயே முதுகு வளைந்த மனுசன். வேறு வேலை கேட்டு அறியாதவர். கும்பகோணம் போகிற ரோட்டில் ஒரு மில்லுக்கு வேலை கேட்டுப் போனார். எந்த மில் என்கிறீர்களா? பேர் எதற்கு? எல்லா மில்லிலும் அதே மேசைதான், அதே கேள்விதான்.

நானும் கூடப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"எத்தனை வருசம் இருந்தே பண்ணையில?" என்றார் முதலாளி.

"முப்பதுங்க."

"முப்பது வருசம் இருந்தவனை ஏன் நிறுத்தினாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். குலவை போடாததால் நிறுத்தினார்கள் என்று ஒரு வரி. சொல்லவில்லை.

"இளைப்பு கண்டுச்சுங்க. நானே நின்னுக்கிட்டேன்" என்றார்.

இளைப்பா? நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, அக்கரைக்குக் கேட்கிற மாதிரி மாட்டை அதட்டுகிற மனுசனுக்கு இளைப்பா?

"இளைப்புக்காரனுக்குத் தவிட்டுத் தூசியில என்னய்யா வேலை? போ" என்றார் முதலாளி.

"இப்ப சரியாயிடுச்சுங்க, சத்தியமா."

"அப்படியா? அந்தா மூட்டை அட்டி. பலகையில ஏறி அஞ்சு மூட்டை போட்டுக் காட்டு."

ஒன்று ஏற்றினார். இரண்டு ஏற்றினார். மூன்றாவதில் கால் நடுங்கியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "போதும் வாங்க" என்று கத்தினேன். நான்காவது மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்தார். மூட்டை அவர் மேல் விழுந்தது.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் கேட்டேன், "ஏங்க பொய் சொன்னீங்க?" என்று. மெதுவாகச் சொன்னார்: "நிசத்தைச் சொன்னா உன் பேரு வருமேடி. குலவை போடாதவள்னு ஊரெல்லாம் தெரிஞ்சா, எனக்கப்புறம் உனக்கு எவன் வேலை குடுப்பான்?"

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், தாய்மார்களே! அந்தப் பொய்யை நிரூபிக்க நாலு மூட்டை! நாலு மூட்டைக்கு ஒரு மனுசன்!

பண்ணைக்காரன் நிறுத்தியது அநியாயம். அதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? நிறுத்தியவன் நிமிர்ந்து நடக்கிறான், நிறுத்தப்பட்டவன் நோவென்று சொல்கிறான். பிடுங்கியவன் பெருமை பேசுகிறான், பறிகொடுத்தவன் பொய் தேடுகிறான். இது எந்த ஊர் நியாயம்? எந்த ஆட்சியின் நியாயம்?

மேனேஜர் ஐயா, நாளைக் காலையில் உங்கள் ஆலை வாசலில் நாங்கள் இருபத்திரண்டு பேரும் நிற்போம். நெல் அவிக்கத் தெரியும், களத்தில் காலால் துழாவிக் காயவைக்கத் தெரியும். நீங்களும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பீர்கள். நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கே இந்த மைக்கில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நோவில்லை. நாங்களாக நிற்கவில்லை. ஒரு வீட்டைப் பிரித்தார்கள், நாங்கள் குலவை போடவில்லை, அதனால் நிறுத்தினார்கள். முதலில் வாயை மூடியவள் நான். பேர் காளியம்மாள், உத்திராபதி பெண்சாதி. எழுதிக்கொள்ளுங்கள்.

அய்யாவு அண்ணன் மேடை ஏறும் முன்னால் என் காதில் ஒன்று சொன்னார். "மேனேஜருக்கு மாலை போடும்போது பொம்பளைங்க ஒரு குலவை போடுங்கம்மா, நாளைக்கு வேலைக்கு ஆகும்." நல்ல மனசோடுதான் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. மாலை போடுங்கள், நாங்கள் கை தட்டுகிறோம். வேலைக்குக் குலவை விலை இல்லை. அதை விலையாகக் கேட்ட ஒரு இடத்திலிருந்துதான் என் வீட்டுக்காரர் படமாகி வந்திருக்கிறார்.

சுந்தரி, அழாதே. நிமிர்ந்து உட்கார்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், அழுகையை அடக்கிக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும், மூக்கு மாறினாலும் கண் மாறாமல் வரைந்த வாத்தியாருக்கும் என் நன்றி. நாளை காலையில் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன், மேனேஜர் ஐயா. ஏன் நிறுத்தினார்கள் என்று என்னைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வருகிறேன். வணக்கம்.