பேரி மரத்தடியில் எடுத்த நான்கு பானைகள்

டஃபினா ஸ்டொய்மெனொவா, வயது 61, காலஞ்சென்ற ஸ்பாஸின் மனைவி, கோர்னி லாகி கிராமம், பல்கேரியா. புகையிலை விவசாயம். நான்காம் வகுப்பு வரை படிப்பு. 13.7.2019 அன்று காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டபோது சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என் கணவர் கடந்த பிப்ரவரியில் நெஞ்சுவலியால் இறந்துவிட்டார். எங்கள் புகையிலைக் காட்டை நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சாலை போடுமுன் பழங்காலப் பொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மே மாதம் தொல்லியல்காரர்கள் வந்து, ஓரத்தில் நின்ற காட்டுப் பேரி மரத்தை வெட்டிவிட்டுக் குழி தோண்டினார்கள்.

1983-ல் எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து மறுநாளே இறந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க மாட்டார்கள். பானையில் வைத்து அவரவர் காட்டில் புதைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்பதால் என் கணவர் மட்டும் போனார். உழும்போது கிடைத்த பழைய பானை ஒன்று கோழிக்குத் தண்ணீர் வைக்க இருந்தது, அதைத்தான் எடுத்துப் போனார். அதன்பின் கேட்டபோதெல்லாம், “பேரி மரத்தடியில. வேற எதுவும் கேக்காத” என்பார். நானும் மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அதன்பின் இம்மாதம் 9-ந் தேதி, அங்கே கூலிக்குத் தோண்டும் பக்கத்து வீட்டு அசென் வேலியோரம் வந்து, “பெரியம்மா, உன் காட்டுல நாலு பானை. தங்கம்னு கைய விட்டேன், எல்லாம் சின்னச் சின்ன எலும்பு. நம்ம ராசி அவ்ளோதான்” என்று சிரித்தான். நான் அடுப்பைக்கூட அணைக்காமல் போனேன். தொல்லியல்காரர்கள் போட்டிருந்த கொட்டகையில் நான்கு பானைகளும் எண் ஒட்டி வரிசையாக இருந்தன. ஒரே மண், ஒரே வாய். பொறுப்பில் இருந்த ரடொஸ்தினா அம்மாளிடம், இதில் ஒன்று என் பிள்ளை என்று சொன்னேன்.

“அம்மா, நாலும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பானை” என்றார்.

“பானை பழசுதான். புள்ள என்னோடது.”

“சரி, எதுன்னு காட்டுங்க.”

எனக்குக் காட்டத் தெரியவில்லை. அவர் நல்ல மாதிரிதான், உட்காரவைத்துக் காபி கொடுத்தார். வெள்ளிக்கிழமை வண்டி வரும், எலும்பில் கொஞ்சம் வெட்டித் தலைநகரில் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார். அவ்வளவு சின்ன எலும்பில் எதை வெட்டுவார்கள் என்று கேட்டேன். அதற்கு என்ன சொன்னார் என்பது ஞாபகமில்லை.

அதன்பின் 11-ந் தேதி பகலில் எல்லோரும் சாப்பிடப் போனபோது கொட்டகைக்குள் போய் மூன்றாம் எண் பானையை எடுத்தேன். அதற்குள் மரத்தின் வேர் நுழைந்திருந்தது. மரத்தடி என்றால் இதுதானே என்று நினைத்தேன். நேராகக் கல்லறைத் தோட்டம் போய், என் கணவரின் கால்மாட்டில் களைக்கொத்தியால் தோண்டி, எலும்பின்மேல் தண்ணீர் ஊற்றி, மெத்தோடி என்று மூன்று முறை பேர் சொல்லி, வைத்து மூடினேன். பாதிரியாரைக் கேட்கவில்லை. அசெனுக்கு இதில் சம்பந்தமில்லை.

அதன்பின் நேற்று ரடொஸ்தினா அம்மாள் காவல் அதிகாரியான தங்களுடன் என் வீட்டுக்கு வந்தார். நான் சொன்னதற்குப் பிறகு, தோண்டும்போது குழியை வரைந்து வைத்த படங்களை எடுத்துப் பார்த்ததாகவும், மூன்றாம் பானைக்கு மேலிருந்த மண் கலையாததால் அது நிச்சயம் பழையது என்றும், முதல் பானைக்கு மேல் மட்டும் பிற்காலத்தில் யாரோ தோண்டி மண் கலைந்திருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மூன்றாம் பானையைத் தோண்டிக் கொடுக்கச் சம்மதமா என்று தாங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, தண்ணீர் ஊற்றியாயிற்று. இனி அதை எப்படி வெளியே எடுப்பது? முதல் பானையை எனக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் என்னிடம் இருந்தது ஒரே பேர். முப்பத்தாறு வருஷம் வைத்திருந்ததை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். என்னுடையவன் வந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தாங்கள்தான் யாரையாவது கேட்டுச் சொல்ல வேண்டும்.

எழுதியதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்) டஃபினா ஸ்டொய்மெனொவா